கல்வராயன் மலை

கல்வராயன் மலை என்பது தமிழ்நாட்டில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக அமைந்துள்ள மலைத்தொகுதி ஆகும். கல்ராயன் மலை எனவும் இது எழுதப்படுகின்றது. இதன் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும் அடங்கும். மேற்கே தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சித்தேரி மலை இதனை அடுத்துள்ளது. மலைத்தொகுதியின் பரப்பளவு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். அருவிகள், அடர்ந்த காடுகள் ஆகியவற்றுக்காகச் சுற்றுலாப் பயணிகளிடையே அறியப்பட்ட இம்மலை, மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் தாயகமுமாகும்.

ஏற்காடு, கொல்லிமலை போன்ற அண்டை மலைகளுடன் ஒப்பிடும்போது கல்வராயன் மலை வெளியுலகுக்கு மிகப் பிந்தியே அறிமுகமானது. இதற்கு மலையின் உயரமோ காட்டின் அடர்த்தியோ முதன்மைக் காரணம் அல்ல. சென்னை - சேலம் நெடுஞ்சாலை மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றது. ஏற்காடு இதைவிட உயரமானது. ஆயினும் 19 ஆம் நூற்றாண்டிலேயே அங்கு காப்பித் தோட்டங்களும் மாளிகைகளும் தோன்றிவிட்டன. கல்வராயன் மலை தனித்து ஒதுங்கியதற்கு அங்கு நிலவிய ஆட்சிமுறையே பெரிதும் காரணம் எனலாம். அரசின் நேரடி நிருவாகம், நில அளவை, சாலை, பள்ளி ஆகிய அனைத்தும் இங்கு பல பத்தாண்டுகள் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

பெயரும் பிரிவுகளும்

மலைத்தொகுதி மரபாக இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. வடபகுதி சின்னக் கல்வராயன் எனவும் தென்பகுதி பெரிய கல்வராயன் எனவும் வழங்கும். பிரித்தானியர் காலத்து ஆவணங்களில் கல்ராயன் என்ற வடிவமே காணப்படுகின்றது; சேலம் மாவட்டப் பகுதியில் இன்றும் அதுவே பெருவழக்கு. கள்ளக்குறிச்சிப் பகுதியில் கல்வராயன் என்பதே வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே மலையைத்தான் குறிக்கின்றன என்பதை வரைபடம் பார்ப்போர் நினைவில் கொள்ளுதல் நலம்.

சேலம் மாவட்டப் பக்கத்தில் உள்ள ஊராட்சிகளின் பெயர்கள் குறிப்பிடத்தக்கவை. சின்னக்கல்ராயன் மலை வடக்குநாடு, சின்னக்கல்ராயன் மலை தெற்குநாடு, பெரியகல்ராயன் மலை மேல்நாடு, பெரியகல்ராயன் மலை கீழ்நாடு என அவை அழைக்கப்படுகின்றன. இங்கு நாடு என்பது பல சிற்றூர்களைக் கொண்ட ஒரு வட்டாரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் இச்சொல், சமவெளியில் நிருவாகப் பிரிவு என்னும் பொருளை இழந்து விட்டது. மலையிலோ இன்றளவும் அரசு ஏட்டில் நிலைத்துள்ளது.

நில அமைப்பு

மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி வரை உயரமுள்ள மேட்டுநிலமாகும். பெரிய கல்வராயன் பகுதியில் சில இடங்கள் 4,000 அடியை எட்டுகின்றன. ஓரங்கள் செங்குத்தாக எழுந்தாலும், மேலே சென்றபின் நிலம் ஏறி இறங்கும் சமவெளியாக விரிகின்றது. நெல் விளையும் பள்ளத்தாக்குகள் கூட அங்கு உள்ளன. கீழிருந்து பார்ப்பவருக்குச் சுவர்போலத் தோன்றும் மலை, உச்சியில் ஊர்களும் வயல்களும் நிறைந்த நாடாக இருப்பது முதன்முறை செல்வோருக்கு வியப்பளிக்கக்கூடும்.

மலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தவை. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கியவராகக் கருதப்படும் சோப் சார்னோக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. அக்கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமசு ஆலந்து அவ்வகைப் பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். பல்லாவரம், சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஆகியவற்றின் பாறைக்கு வங்காளத்துக் கல்லறை ஒன்றிலிருந்து பெயர் கிடைத்தது இவ்வாறே.

ஆறுகள்

கல்வராயன் மலை, வெள்ளாற்றுப் படுகைக்கும் தென்பெண்ணையாற்றுப் படுகைக்கும் இடையே நீர்பிரி மேடாக விளங்குகின்றது. வடக்குச் சரிவில் பெய்யும் மழை தென்பெண்ணையை நோக்கிச் செல்கின்றது. கிழக்கிலும் தெற்கிலும் இறங்கும் ஓடைகள் கோமுகி, மணிமுத்தா, வசிட்டநதி ஆகிய ஆறுகளில் சேர்கின்றன. இவை அனைத்தும் இறுதியில் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகின்றன.

கள்ளக்குறிச்சிப் பகுதியின் கரும்பு, நெல் வேளாண்மையில் கணிசமான பகுதி இம்மலையின் நீரை நம்பியுள்ளது. கச்சிராயபாளையம் அருகே மலையடிவாரத்தில் கோமுகி அணை கட்டப்பட்டுள்ளது. கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஆகிய ஓடைகள் இதற்கு நீர் கொண்டு வருகின்றன. அணையின் முழு உயரம் 46 அடி. மணிமுத்தா ஆற்றின் குறுக்கேயும் தனி அணை உள்ளது. சேலம் பக்கத்தில் பாப்பநாயக்கன்பட்டியில் கரியகோவில் அணையும் புழுதிக்குட்டையில் ஆனைமடுவு அணையும் அமைந்துள்ளன. மலையில் பெய்யும் மழை நான்கு அணைகளையும் நிரப்புகின்றது. ஆனால் அந்நீரில் விளையும் பயிர் அடிவாரத்துக்கு உரியது. மலைமேல் உள்ள வயல்களில் பெரும்பாலானவை இன்றும் வானம் பார்த்தவையே.

அருவிகள்

மலையின் ஓரங்கள் செங்குத்தாக இருப்பதால் ஓடைகள் பல இடங்களில் அருவிகளாக விழுகின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் மலைச்சாலையிலேயே பெரியார் அருவி உள்ளது. எளிதில் அடையக்கூடியது என்பதால் விடுமுறை நாள்களில் இங்கு கூட்டம் மிகுதி. மேகம் அருவி அவ்வாறன்று. காட்டுப் பாதையில் நடந்தே செல்ல வேண்டும். கவியம் அருவி, பண்ணியப்பாடி அருவி ஆகியவையும் கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதியில் உள்ளன. ஆத்தூருக்கு அருகே தெற்குச் சரிவில் ஆனைவாரி முட்டல் அருவியும், அதனை ஒட்டி முட்டல் ஏரியும் உள்ளன.

இவை மழையை நம்பிய அருவிகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை அடுத்த சில வாரங்களிலும் நீர் மிகுந்திருக்கும். கோடையில் பல அருவிகளில் ஈரப் பாறை மட்டுமே எஞ்சும். மலைமேல் மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் திடீரென வெள்ளம் வருவதுண்டு. எனவே மழைநாள்களில் அருவிகளில் குளிப்பதற்கு வனத்துறையினர் தடை விதிப்பர். பாசி படிந்த பாறைகள் எல்லாப் பருவத்திலும் ஆபத்தானவை.

காடும் உயிரினங்களும்

ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடுகளும், 400 முதல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடுகளும் காணப்படுகின்றன. தனித்து உயர்ந்த மேட்டுநிலங்களில் சோலைக்காடுகள் சிறு திட்டுகளாக எஞ்சியுள்ளன. மூங்கில், வேங்கை, நெல்லி, புளி, கடுக்காய் ஆகியன இங்கு வளரும் மரங்களுள் சில. சந்தன மரம் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தது. திருட்டு வெட்டினால் பெருமளவு அழிந்துவிட்டது. கரடி, காட்டெருது, மான், காட்டுப்பன்றி ஆகிய விலங்குகள் வாழ்கின்றன.

கடுக்காய் இம்மலையின் பெயர்பெற்ற விளைபொருள். சித்த மருத்துவத்தில் பயன்படுவது பலரும் அறிந்ததே. தோல் பதனிடுவதற்குத் தேவையான துவர்ப்புப் பொருள் இக்காயில் நிறைந்துள்ளதால், தோல் தொழில் செழித்த காலத்தில் வணிகர்கள் இதனைப் பெருமளவில் வாங்கினர்.

மலையாளி மக்கள்

மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி எனும் பழங்குடியினர். இப்பெயர் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றது. இவர்களுக்கும் கேரள மாநிலத்துக்கும் மலையாள மொழிக்கும் தொடர்பு இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளிலேயே இச்சொல் வழங்குகின்றது. இவர்களது தாய்மொழி தமிழ். பெயருடன் கவுண்டர் என்னும் பட்டத்தைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

கல்வராயன் மலை தவிர, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை, சித்தேரி மலை ஆகியவற்றிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இதுவே. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 3.58 இலட்சம் பேர் மலையாளிகள்.

அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் இச்சமூகத்தின் பெயர் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களோடு கட்டுப்படுத்தி எழுதப்பட்டுள்ளது. கள்ளக்குறிச்சி, பழைய தென்ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால் இம்மலை மக்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் ஈரோடு மாவட்டம் பழைய கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. ஆகையால் அங்குள்ள மலைகளில் வாழும் மலையாளிகள் பட்டியலில் இடம்பெறாமல் போயினர். தங்களைச் சேர்க்குமாறு அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்துள்ளனர். ஒரே மக்கள், மாவட்ட எல்லைக் கோட்டின் எப்பக்கத்தில் வாழ்கின்றனர் என்பதைப் பொறுத்துப் பழங்குடியினர் ஆகின்றனர் அல்லது ஆகாமல் போகின்றனர்.

குடியேற்ற மரபுக்கதை

பழங்குடி என்றவுடன் நினைவுக்கு எட்டாத காலம் முதல் அதே இடத்தில் வாழ்ந்து வருபவர் என்று கருதுவது பொது இயல்பு. மலையாளிகளின் சொந்த மரபுக்கதை அவ்வாறு கூறவில்லை. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்றே அவர்கள் கூறுகின்றனர். உடன்பிறந்த மூவர் தங்கள் தெய்வமான கரியராமனுடன் காஞ்சியை விட்டுப் புறப்பட்டுப் பல மலைகளில் குடியேறினர் என்பது கதையின் சுருக்கம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என அம்மூவரின் பெயர்கள் சொல்லப்படும். எவர் எந்த மலைக்குச் சென்றார் என்பதும் ஏன் ஊரை விட்டனர் என்பதும் மலைக்கு மலை மாறுபடுகின்றன.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்ஆர்க்காடு மாவட்ட விவரச்சுவடியை எழுதிய பிரான்சிசு (1906), தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் தொகுத்த எட்கர் தர்சுட்டன் (1909) ஆகியோர் இக்கதைகளைப் பதிவு செய்துள்ளனர். வந்தேறியவர்கள் மலையில் முன்பு வாழ்ந்த வேடர்களை வென்று, அவர்களது பெண்களை மணந்தனர் என்பது அவற்றுள் ஒன்று. திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. கொல்லப்பட்ட வேடக் கணவனை அது குறிக்கின்றது என்றும் விளக்கம் கூறப்பட்டது. இது வரலாறா, சடங்குக்குப் பிற்காலத்தில் கற்பிக்கப்பட்ட காரணமா என்று முடிவு செய்ய இயலாது. எனினும் வெற்றி பெற்றவர்கள் தாங்கள் வென்ற கதையை மறைக்காமல், தங்கள் திருமணத்திலேயே நினைவுகூர்ந்தனர் என்பது கவனத்துக்குரியது.

இவர்களுக்கென்று தனி மொழி இல்லாதிருப்பதும், தெய்வங்களும் உறவுமுறைச் சொற்களும் சமவெளித் தமிழரை ஒத்திருப்பதும் சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் என்னும் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. இதனால் அவர்கள் பழங்குடியினர் அல்லர் என்று வாதிடுவது பொருந்தாது. பல தலைமுறைகளாக மலையில் தனித்து வாழ்ந்து, தமக்கென நிருவாகத்தையும் வழக்கங்களையும் உருவாக்கிக்கொண்டனர் என்பதே இச்சமூகத்தின் தனித்தன்மை.

மலையில் இவர்களுக்கும் முந்திய மனிதரின் தடயங்கள் உள்ளன. பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கற்திட்டைகள் மலையின் சில பகுதிகளில் காணப்படுகின்றன. சேலம் மாவட்ட மலைகளில், புதிய கற்காலத்தைச் சேர்ந்த வழவழப்பான கற்கோடரிகள் கிராமக் கோயில்களில் வைத்து வணங்கப்படுகின்றன. உழும்போதோ மண் தோண்டும்போதோ கிடைத்த இக்கருவிகளை மக்கள் தெய்வத்தின் பொருளாகக் கருதிக் கோயிலில் சேர்த்தனர். யார் செய்தது என்று தெரியாத ஒரு கருவி இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் பூசை பெறுகின்றது.

சமூக அமைப்பும் வழிபாடும்

ஒவ்வோர் ஊருக்கும் ஊர்க்கவுண்டர் ஒருவரும், பல ஊர்கள் அடங்கிய நாட்டுக்கு ஒரு தலைவரும் இருப்பது மரபு. நிலத் தகராறு, மணமுறிவு, திருவிழா ஏற்பாடு ஆகியவற்றை ஊர்க்கூட்டமே தீர்மானித்து வந்தது. ஊராட்சி, காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவை வந்தபின் இத்தலைவர்களின் அதிகாரம் குறைந்துவிட்டது. ஆயினும் குடும்பச் சிக்கல்களும் கோயில் விவகாரங்களும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே பேசி முடிக்கப்படுகின்றன.

ஒரே குலத்தவர் ஒருவரையொருவர் மணப்பதில்லை. மாமன் மகள், அத்தை மகள் உறவில் திருமணம் விரும்பப்படுகின்றது. மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பதே பழைய வழக்கம். கைம்பெண்ணும் மணமுறிவு பெற்ற பெண்ணும் மறுமணம் செய்துகொள்வதற்குத் தடை இருந்ததில்லை. சமவெளியின் உயர்சாதியினர் கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் கொண்டு ஏற்க வேண்டியிருந்த காலத்தில், இம்மலையில் அது இயல்பான வாழ்க்கையாகவே இருந்தது. சமவெளியின் தாக்கத்தால் இப்போது பரிசத்தின் இடத்தை வரதட்சணை பிடிக்கத் தொடங்கியிருப்பதை முன்னேற்றம் என்று கூறுவதற்கில்லை.

கரியராமன் மலையாளிகளின் முதன்மைத் தெய்வம். சேலம் பக்கத்து மலையில் உள்ள கரியராமன் கோயில் சுற்றியுள்ள பல மலைகளின் மக்களாலும் போற்றப்படுகின்றது. கரியகோவில் என்ற ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் அணையின் பெயரும் இதனோடு தொடர்புடையவை. பெருமாள், காளி, மாரியம்மன், பிள்ளையார் ஆகிய தெய்வங்களுக்கும் ஊர்தோறும் கோயில்கள் உள்ளன. இவற்றுட் பல, பெரிய மரத்தடியில் நடப்பட்ட கல்லும் வேலும் மட்டுமே கொண்டவை. வெளியூரார் கண்ணுக்கு வெற்று இடமாகத் தோன்றும் ஒரு மரத்தடி, ஊரின் மிகப் புனிதமான இடமாக இருக்கக்கூடும்.

ஜாகிர் ஆட்சி

கல்வராயன் மலையின் வரலாற்றில் மிக நீண்ட அத்தியாயம் ஜாகிர்தார்களுடையது. மலை ஐந்து ஜாகிர்களாகப் பிரிந்திருந்தது. சின்னக் கல்ராயன், பெரிய கல்ராயன் ஆகிய இரண்டும் சேலம் பக்கத்தில் அமைந்தவை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகியோரின் பெயர்களில் வழங்கிய மூன்றும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருந்தன. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509 - 1529) காலத்தில் இவ்வுரிமை வழங்கப்பட்டது என்பது மரபு. ஆர்க்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கும்பினி, பிரித்தானிய அரசு என மேலாட்சி கைமாறியபோதும் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி தொடர்ந்தது.

சமவெளியில் 19 ஆம் நூற்றாண்டில் நிலத்தை அளந்து, ஒவ்வோர் உழவருக்கும் தனித்தனியே வரி விதிக்கும் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஜாகிர் மலையில் அவ்வாறான அளவை நடைபெறவில்லை. இப்பகுதி மலைகளில் ஏர் கொண்டு உழும் நிலம் உழவுக்காடு எனவும், சரிவில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் நிலம் கொத்துக்காடு எனவும் வழங்கும். வரியும் ஏரையும் மண்வெட்டியையும் எண்ணியே பெறப்பட்டது. ஜாகிர்தாருக்குக் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. பயிரிடுபவர் கையில் நிலத்துக்கான ஆவணம் எதுவும் இல்லை. பிற்காலத்துப் பட்டாச் சிக்கல்களின் வேர் இங்கேயே உள்ளது.

சமீன் முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948 இல் இயற்றப்பட்டது. கல்வராயன் மலையில் அதன் பயன் உடனே கிட்டவில்லை. 1960களில் அரசு மலையைக் கையகப்படுத்த முற்பட்டபோது வழக்குகள் எழுந்தன. 1976 ஆம் ஆண்டிலேயே மலை முழுமையாக அரசு நிருவாகத்தின் கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் இதே ஆண்டில்தான். நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து மலைக்கு வந்த விடுதலை இது.

சட்டப்படி 1950 முதலே இம்மக்கள் வாக்குரிமை உடைய குடிமக்கள். நடைமுறை அவ்வாறு இருக்கவில்லை. மலை மக்கள் 1990களில்தான் முதன்முதலாக வாக்களிக்கும் நிலை உருவானது என்று 2024 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது.

நிருவாகம்

கள்ளக்குறிச்சி முதலில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்ஆர்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. மாவட்ட ஆட்சியரைக் காண வேண்டுமெனில் வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமாகவும் உள்ளது. ஊராட்சி ஒன்றியமும் இதே பெயரில் இயங்குகின்றது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே. கல்வராயன் மலையின் சேலம் பகுதி ஏற்காடு தனித்தொகுதியில் அடங்குகின்றது. கள்ளக்குறிச்சிப் பகுதியோ சங்கராபுரம் பொதுத்தொகுதியில் உள்ளது. அங்கு சமவெளி வாக்காளர்களே மிகுதி.

காடும் உரிமையும்

அரசு நிருவாகம் வந்ததும் பயிரிட்ட நிலங்களில் ஒரு பகுதி காப்புக்காடு என்னும் வகைக்குள் அடங்கியது. அதுவரை ஜாகிர்தாருக்கு வரி கொடுத்து உழுத குடும்பங்கள், அதன்பின் வனத்துறையின் ஏட்டில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆயினர். இச்சிக்கல் நாடெங்கும் பழங்குடிப் பகுதிகளில் உள்ளது. இதனைத் தீர்க்க இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் (2006), 2005 டிசம்பர் 13 க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தைப் பயிரிட்டு வரும் பழங்குடியினருக்கு உரிமை வழங்குகின்றது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் வழங்குவது 2008 ஆம் ஆண்டின் இடைக்கால நீதிமன்ற ஆணையால் தடைப்பட்டது. 2016 இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே பணி வேகம் பெற்றது.

காட்டைக் காக்கும் துறைக்கும் காட்டில் வாழும் மக்களுக்கும் இடையிலான உறவு எந்த அளவுக்குக் கெட முடியும் என்பதற்குச் சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி சான்றாகும். 1992 சூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் இம்மலையாளி ஊருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழகத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பலர் மலை ஊர்களைச் சேர்ந்த மலையாளிகள். கோடரி பிடிக்கத் தெரிந்த, ஊரில் வேலையற்ற ஆண்களையே கடத்தல் தரகர்கள் தேடி வருகின்றனர்.

வேளாண்மையும் பிழைப்பும்

சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் மலையின் பழைய பயிர்கள். பள்ளங்களில் நெல் விளைகின்றது. அண்மைப் பத்தாண்டுகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பெரும்பரப்பைப் பிடித்துள்ளன. ஆத்தூர், சேலம் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குச் சந்தையாக உள்ளன. கிழங்கின் விலையை மலையில் உள்ள உழவர் தீர்மானிப்பதில்லை. கருமந்துறையில் அரசின் தோட்டக்கலைப் பண்ணை இயங்குகின்றது. தேன், கடுக்காய், புளி, நெல்லி ஆகியவற்றைச் சேகரித்து விற்பதும் வருவாய் தருகின்றது. இடைத்தரகரைத் தவிர்க்க மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன.

மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்கள் கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றன. பெற்றோருடன் செல்லும் குழந்தைகளின் படிப்பு நின்றுவிடுகின்றது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இதனை ஓரளவு தடுக்கின்றன.

சாராயச் சிக்கல்

கல்வராயன் மலை என்றதும் செய்தித்தாள் வாசகர் பலருக்கும் நினைவுக்கு வருவது கள்ளச் சாராயமே. ஓடைக்கரையில் பீப்பாய்களில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவதும், காவல்துறையினர் அவற்றை அழிப்பதும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் நச்சுச் சாராயம் குடித்து 65 க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மலையின் பெயரும் பேசப்பட்டது. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவ்விறப்புகளுக்குக் காரணமானது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் வேதிப்பொருள். அது மலையில் காய்ச்சப்படுவதன்று, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இறந்தோர் நகரின் கூலித் தொழிலாளர்கள்.

இந்நிகழ்வுக்குப் பின், மலை மக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, பேருந்து, குடும்ப அட்டை ஆகியவற்றின் நிலை குறித்து அரசிடம் விளக்கம் கேட்கப்பட்டது. நகரில் நிகழ்ந்த சாவுகளே மலையின் சாலைகளை விசாரணைக்குக் கொண்டு வந்தன.

மலைக்குச் செல்வோர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையே பெரும்பாலோர் பயன்படுத்துவது. சங்கராபுரம் பக்கத்திலிருந்து மூலக்காடு வழியாகச் சேராப்பட்டை அடையலாம். சேலம் மாவட்டத்திலிருந்து வருவோர் தும்பல் வழியாகக் கருமந்துறைக்கு ஏறுவர். கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் உள்ளன. அரசின் கோடை விழா பல ஆண்டுகள் மலையில் நடத்தப்பட்டுள்ளது. மலைமக்களின் ஆட்டமும் இசையும் அதில் இடம்பெறும்.

உலகின் பிற பகுதிகளில் பழங்குடியினரின் நிலங்கள் சுற்றுலாத் தலமானபோது எழுந்த கேள்விகள் இங்கும் எழத் தொடங்கியுள்ளன. ஆத்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு என்னும் பெரும்பாறை 1985 அக்டோபர் 26 அன்று அதன் மரபு உரிமையாளர்களான அனாங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தங்களுக்குப் புனிதமான பாறையின் மீது ஏற வேண்டாம் என்று அவர்கள் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்ட பின், 2019 இல் அதே நாளில் ஏறுவது முற்றிலும் தடை செய்யப்பட்டது. கல்வராயன் மலையில் எந்த அருவியும் எந்தக் கோயில் மரமும் ஊராரின் பெயரில் எழுதப்பட்டதில்லை. அருவிகளுக்குச் செல்லும் பாதைகள் காப்புக்காட்டின் வழியே செல்வதால் அங்கு அனுமதி வனத்துறையினுடையது. பாதையோ பெரும்பாலும் ஒருவரது சாமைக் காட்டின் வரப்பாகவும் இருக்கும்.

ஊருக்குள் சென்று படம் எடுப்பதற்கு முன் ஊர்ப் பெரியவரிடம் கேட்பது முறை. கோயில் எனத் தெரியும் மரத்தடிக்குக் காலணியுடன் செல்லக் கூடாது. அருவிகளில் எறியப்படும் கண்ணாடிப் புட்டிகள் கீழே அதே ஓடையில் தண்ணீர் எடுப்போரின் காலைக் கிழிக்கின்றன. ஞெகிழிப் பைகளைக் கால்நடைகள் தின்கின்றன. மலைமேல் பேருந்துகள் குறைவு, தங்கும் விடுதிகளும் குறைவு. பல இடங்களில் கைபேசி இணைப்புக் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மண்சரிவினால் சாலைகள் மூடப்படுவதுண்டு என்பதால், புறப்படுமுன் கச்சிராயபாளையத்திலோ தும்பலிலோ விசாரித்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது.